திரும்பும் தேதி உள்ளவர்கள்

என்னைக் கோத்தகிரிக்கு வரவழைத்திருக்கும் தொண்டு நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாடுகளிலிருந்து வரும் தன்னார்வலர்கள் ஓய்வு நாளொன்றில் பக்கத்து ஊர் ஏதேனும் ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள், உங்கள் நாட்டிலிருந்து எதெல்லாம் வேறுபட்டிருந்தது என்று படிவத்தில் மூன்று கேள்விகள் இருக்கும். எனக்கு முன்னால் இங்கே தங்கியிருந்த ஜெர்மனிப் பெண் எழுதியவை கோப்பில் இருக்கின்றன. படிக்கச் சுவையானவை, அவருக்கு எல்லாமே வேறுபட்டிருந்தன, பஸ் நடத்துநரின் விசில் உட்பட. நானோ இலங்கை மலையகத்து நானுஓயாக்காரி. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தமிழ்ப் பாடசாலையில் படித்து, இன்னொரு தேயிலை மலைக்குத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க விசா வாங்கிக்கொண்டு வந்திருப்பவள். குன்னூரில் ஒரு சனிக்கிழமை முழுவதையும் கழித்துவிட்டு வந்த பிறகு, முதல் இரண்டு கேள்விகளுக்கும் அன்றிரவே விடை எழுதிவிட்டேன். மூன்றாவது கட்டம் வாரக்கணக்கில் வெறுமையாகவே கிடந்தது. எழுத ஒன்றும் இல்லாததால் அல்ல. அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்பட வேண்டியதோ அவரை அன்று குன்னூர்ச் சந்தையில் பார்த்துவிட்டேன் என்பதால்.

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குப் பஸ்ஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். என்னோடு நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி, கோத்தகிரிக்கு அருகிலுள்ள படகர் ஊரொன்றைச் சேர்ந்தவள், வழிகாட்டியாக வந்திருந்தாள். பெப்ரவரி மாதத்து வறண்ட வெயில். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டால், வளைவுக்கு வளைவு தேயிலைச் சரிவுகளும் சில்வர் ஓக் மரங்களும் வந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள நுவரெலியாவும் குன்னூரும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பவை என்பதால் காற்றில்கூட அதே கூர்மை. கொழுந்து எடுக்கும் விதம் மட்டும் மாறியிருந்தது. எங்கள் மலைகளில் பெரும்பாலும் இன்னமும் விரலால்தான் கிள்ளுகிறார்கள். இங்கே பெண்கள் இலையை ஏந்திக்கொள்ளும் பை பொருத்திய கத்தரிகளை வைத்துக்கொண்டு நிரை நிரையாக வெட்டிக்கொண்டு போனார்கள். பஸ் ஓரிடத்தில் நின்றபோது அந்தக் கத்தரிகளின் ஓசை காதில் விழுந்தது. எங்கள் ஊரில் கொழுந்து மலையில் பேச்சும் ஏச்சும் சிரிப்பும்தான் கேட்கும். இரும்புச் சத்தம் எனக்குப் புதிது.

பல் சட்டமும் பூங்காவும்

குன்னூரில் இறங்கியதும் நேராகப் புகையிரத நிலையத்துக்குத்தான் போனோம். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணியளவில் புறப்படும் மலை ரயில் பத்தரை மணிவாக்கில் வந்து சேரும் என்று தோழி சொல்லியிருந்தாள். இந்தப் பாதை குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் திறக்கப்பட்டது. 46 கிலோமீற்றர் நீளம். 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. இவையெல்லாம் நீலகிரிக்கு வந்துபோகிறவர்களுக்குத் தெரிந்த செய்திகள். நான் பார்க்க விரும்பியது தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல் சட்டத்தைத்தான். எங்கள் நானுஓயாப் பாதை அகலப் பாதை. எந்தப் பல்லின் துணையும் இல்லாமல், வளைந்து வளைந்தே பட்டிப்பொலைக்கு அருகில் 1,898 மீற்றர் வரை ஏறிவிடும். நீலகிரியின் மீற்றர் பாதையோ கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் அவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது. அங்கே பன்னிரண்டு அடி முன்னேறினால் ஓரடி உயர்கிறோம். சக்கரமும் தண்டவாளமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதை நம்பி அப்படி ஏற முடியாது. ஆகவே நடுவில் இரண்டு பல் சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடுவதற்கு முன் அடுத்ததைப் பிடித்துவிடுகிறது. எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை. கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார்.

வண்டி வந்து நின்றதும் பயணிகள் எல்லாரும் எஞ்சினோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள ஓடினார்கள். நான் பிரேக்ஸ்மேன் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை மறுகையின் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டார். பிறகு பெட்டியின் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டி, வண்டியைச் சற்றுப் பின்னால் நகர்த்திவிட்டுத்தான் ஊட்டிப் பக்கம் அனுப்புகிறார்கள். மூன்றாவது கேள்விக்கு அதுவரை கிடைத்திருந்த விடைகள் கத்தரியும் பல் சட்டமும்தான் என்று தோழியிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்து சிம்ஸ் பூங்கா. 1874இல் உருவாக்கப்பட்டது, மலையின் இயற்கையான சரிவைக் குலைக்காமல் படிப்படியாக இறங்கும் தோட்டம், ருத்ராட்ச மரம் ஒன்று உண்டு, மே மாதத்தில் பழக் கண்காட்சி நடக்கும். அழகான இடம்தான். ஆனால் நுவரெலியாவில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளைக்காரன் போட்ட பூங்காக்களில் வியப்பு குறைவாகத்தான் வரும். வர்க்கியும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு, வாடகை அறைக்குக் காய்கறி வாங்கலாம் என்று சந்தைப் பக்கம் இறங்கினோம்.

எந்தத் தோட்டம்?

சந்தைக் கடைகளுக்கு வெளியே சாக்கை விரித்து மேரக்காயும் கேரட்டும் மலைப்பூண்டும் வைத்திருந்த ஒரு மூதாட்டியிடம் போய், கேரட்டைக் காட்டி, “ஐநூறு கிராம் போடுங்க” என்றேன். இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. அரைக் கிலோ என்பார்கள். தராசை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எந்த ஊர், எந்த நாடு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

“எந்தத் தோட்டம்?” என்றார்.

“நானுஓயா பக்கம், அம்மாயி.”

“நான் தலவாக்கலை. நீ எப்ப வந்த? கப்பல்ல வந்திருக்க மாட்டியே, உனக்கு அந்த வயசு இல்ல.”

அவர் தலையில் கட்டியிருந்த துண்டு அதற்குள் நழுவியிருந்தது. உச்சிக்குச் சற்று முன்னால், வகிட்டுக்குக் குறுக்கே, முடி தேய்ந்து லேசாகப் பள்ளம் விழுந்த ஒரு கோடு தெரிந்தது. கொழுந்துக் கூடையின் கயிற்றைப் பல வருடங்கள் தலையில் தாங்கியவர்களுக்கு மட்டும் விழும் தடம் அது. என் அப்பாயிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போதெல்லாம் என் விரல் போய் நிற்கும் இடம். அந்தத் தடத்தைக் கண்ட பிறகு நான் அவர் எதிரிலேயே சாக்கின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டேன். தோழி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடை பார்த்து வருவதாகச் சொல்லிப் போனாள்.

எழுபதுகளில், கைக்குழந்தையாக ஒரு மகளோடும் மூன்று வயது மகனோடும் வந்தவராம். தலவாக்கலையில் புகையிரதம் ஏறி, தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பலில் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் நீலகிரி என்று எழுதிய தாளோடு மலைக்கு வந்திருக்கிறார்கள். அந்தப் பயணத்தை அவர் விரித்துச் சொல்லவில்லை. பூண்டை உரித்துக்கொண்டே, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இடப்பெயர்களை மட்டும் சொன்னார். விரித்துச் சொன்னது வேறொன்றை. கணவரின் காகிதங்களில் சொந்த ஊர் என்று துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்று எழுதப்பட்டிருந்தது. கணவரின் தாத்தா புறப்பட்டுப்போன ஊர் அது. நீலகிரிக்கு வந்த மறு வருடம் பொங்கலுக்குத் தேடிக்கொண்டு போயிருக்கிறார்கள். பங்காளி வீட்டில் இலை போட்டுச் சோறு போட்டிருக்கிறார்கள். குறை சொல்ல முடியாதாம். “மூணாம் நாள் காலையில, எப்பத் திரும்பிப் போறீங்கன்னு கேட்டாங்க. மரியாதையாத்தான் கேட்டாங்க. எங்கன்னு திரும்ப?”

பிறகு என்னைப் பற்றிக் கேட்டார். விமானத்தில் வந்தேன், கோத்தகிரியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், சம்பளம் இல்லை, தங்குமிடமும் சாப்பாட்டுச் செலவும் தருகிறார்கள், ஒக்டோபரில் விசா முடிகிறது, போய்விடுவேன் என்று சொன்னேன். சம்பளம் இல்லை என்பதை அவர் பொருட்படுத்தவே இல்லை. ஒக்டோபரைத்தான் பிடித்துக்கொண்டார்.

“போற நாளைக் கையில வச்சுக்கிட்டே வந்திருக்க,” என்றார். “குடுத்து வச்சவ.”

பொறாமையோ குத்தலோ அதில் இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கேரட்டை நிறுத்தார். ஆனால் எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் திசை மாறியது. அதுவரை, வெளிநாட்டில் வாழ்வது என்பதை நான் ஏதோ ஒரு துணிச்சலாகவே எண்ணியிருந்தேன். விமான நிலையத்தில் மாமா அப்படித்தான் சொல்லி வழியனுப்பினார். நிறுவனத்தில் அறிமுகப்படுத்தும்போதும் “சொந்த நாட்டை விட்டு நமக்காக வந்திருக்கிறார்” என்று சொல்லிக் கைதட்டினார்கள். என் கடவுச்சீட்டில் வந்த நாளும் போக வேண்டிய நாளும் இருக்கின்றன. காய்ச்சல் வந்தால், சாப்பாடு பிடிக்காமல்போனால், யாரேனும் முகம் சுளித்தால், ஒக்டோபர் வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அதன் பெயர் துணிச்சல் என்றால், கைக்குழந்தையோடு இராமேஸ்வரத்தில் இறங்கி, தான் ஒருநாளும் பார்த்திராத நாட்டைத் தாயகம் என்று எழுதிய காகிதத்தில் கைநாட்டு வைத்தவருக்கு என்ன பெயர் சொல்வது?

நீங்க வேற, அக்கா

திரும்பி நடக்கும்போது தோழி, “அந்தப் பாட்டி சிலோன்காரங்களா அக்கா?” என்று கேட்டாள். ஆமாம், நானும்தானே என்றேன். “ஐயோ, நீங்க வேற அக்கா. நீங்க ஃபாரின்,” என்றாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். மனத்தில் கள்ளம் இல்லாதவள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு முழுவதும் கூட இருந்தவள். அவளுடைய அப்பா சிறு தேயிலை விவசாயி. பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்கே போய்விடுகிறது என்ற புலம்பலைக் கேட்டே வளர்ந்தவள். வெளியிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதில் இந்த மலையின் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவள் வீட்டில் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவள் போட்ட கணக்கு விசித்திரமானது. நானும் அந்த மூதாட்டியும் ஒரே மாவட்டத்தில் பிறந்தவர்கள். இந்தியக் குடியுரிமை பெற்று, ஐம்பது வருடங்களாக இங்கே உழைத்து, இங்கேயே கணவரை அடக்கம் செய்து, தேர்தல் தவறாமல் வாக்களித்துவரும் அவர் சிலோன்காரி. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நான் விருந்தாளி.

பின்னணி பலருக்கும் தெரிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், வெள்ளையர் காலத்தில் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்வதென்று முடிவுசெய்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் தமிழ்நாட்டு வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான இன்றைய டான்டீயின் தொடக்கம் அதுதான், அதன் தலைமை அலுவலகமும் குன்னூரில்தான் இருக்கிறது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் எங்கும் காடு வெட்டி, குழி எடுத்து, கன்று நட்டவர்களில் பெரும்பகுதியினர் எங்கள் மலைகளிலிருந்து வந்தவர்கள். அன்று நான் படித்த தகவல் பலகைகளில் எஞ்சினின் வகை இருந்தது, பூங்காவை அமைத்த துரையின் பெயர் இருந்தது. இவர்களைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. சுற்றுலாவுக்கு வருகிறவன் ரயில் சன்னல் வழியே படம் எடுக்கும் அந்தப் பச்சையில் ஒரு பெரும் பங்கு இவர்கள் போட்டது என்பதை யாராவது எங்கேயாவது எழுதி வைத்திருக்க வேண்டாமா?

என் தாத்தாவும் இந்தியாவுக்குத்தான் விண்ணப்பித்திருந்தார். அவருடைய அக்கா குடும்பம் முன்னால் போய்விட்டது. இவர் முறை வருவதற்குள் போர் தொடங்கி, எண்பதுகளின் நடுவில் கப்பல் நின்றுபோனது. அதன் பிறகு அவர் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் அதே லயத்தில், அதே மலையில் வேலை செய்துகொண்டிருந்தார். 2003இல் இயற்றப்பட்ட சட்டத்தால்தான் அவருக்கு இலங்கைக் குடியுரிமை வந்தது. கப்பல் இன்னும் ஓரிரு வருடங்கள் ஓடியிருந்தால் நானும் இதே நீலகிரியில் பிறந்திருப்பேன். அப்போது என்னைத் தன்னார்வலர் என்று யாரும் மேடையில் அறிமுகப்படுத்தியிருக்க மாட்டார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்திருப்பேன். படிவத்தின் மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் செய்தி மடலுக்கு ரயில் படம் இருந்தால் போதும் என்றார். அவருடைய நிலைமையும் எனக்குப் புரிகிறது.

ஒரு நகல்

நான் எழுந்திருக்கும்போது அந்த அம்மாயி கேட்ட ஓர் உதவியை இன்னும் சொல்லவில்லை. அவருடைய பேரன் கல்லூரியில் படிக்கிறான். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த இடத்தில் அவனுடைய அப்பாவின், அதாவது மூன்று வயதில் கப்பலேறி வந்த மகனின், பிறப்புச் சான்றைக் கேட்கிறார்களாம். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை மட்டும்தான் அவர்களிடம் இருந்தது. லைன் வீட்டுக் கூரை ஒழுகி, பெட்டியில் இருந்த மற்றக் காகிதங்களோடு அதுவும் ஊறிப்போனது. “நீ போய்வர்ற ஆளு. அங்க ஒரு நகல் எடுக்க முடியுமான்னு பாரேன்” என்று, பேரனின் கைபேசி எண்ணை என் குறிப்பேட்டில் எழுதவைத்தார்.

இந்த ஊரில் நான் செய்ய முடிகிற வேலைகளில், வேறு யாராலும் எளிதில் செய்ய முடியாதது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்க இங்கேயே நூறு பேர் இருக்கிறார்கள். அன்றிரவே பேரனுடன் பேசி, அவன் அப்பாவின் பெயர், தாத்தா பாட்டியின் பெயர்கள், தோட்டத்தின் பெயர், பிறந்த வருடம் ஆகியவற்றை வாங்கி என் அப்பாவுக்கு அனுப்பினேன். வருடத்தில்கூட ஒன்று முன்பின் இருக்கலாம் என்றான் பையன். அப்பா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போய் விசாரித்திருக்கிறார். பதிவேட்டில் தேடலாம், ஆனால் அந்தத் தோட்டத்துக்குக் கீழே பல டிவிசன்கள், அதாவது பிரிவுகள். அதே பெயரில் அந்த வருடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள், எந்த டிவிசன் என்று தெரிந்தால் நல்லது என்று எழுதுவினைஞர் சொன்னாராம். பேரனுக்கு அது தெரியவில்லை, அவன் அப்பாவுக்கும் தெரியவில்லை. வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் குன்னூருக்குப் போய் அம்மாயியிடமே கேட்டுவிட்டு, சந்தையிலிருந்தே அப்பாவை அழைத்துப் பேசவைக்கலாம் என்றிருக்கிறேன். தொழிலாளர்களை மேற்பார்த்த கங்காணியின் பெயரைச் சொன்னால் டிவிசனைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார் அப்பா.